ஒற்றை ஆளாய் வள்ளம் இறக்குவோருக்கு

பனி உருகியதும் ஸ்காபரோவில் யாரோ ஒரு பெடியனின் வீட்டு முற்றத்துக்கு ஒரு பழைய அலுமினிய வள்ளமும் ட்ரெயிலரும் வந்து சேரும். பின்னாலேயே எனக்கு ரெலிபோனும் வரும். "மாமா, கூட வர ஒருத்தரும் இல்லை. தனிய இறக்கலாமோ?"

இறக்கலாம். ஆனால் வடமராட்சிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது பழகாத வேலை. அங்கே வள்ளம் தள்ளத் தோள் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். குரல் கொடுத்தால் வந்தார்கள். இங்கே ஒரு கார், ஒரு ட்ரெயிலர், ஈரச் சீமெந்துச் சரிவு, நீங்கள். இல்லாத அந்த இரண்டாவது ஆளின் வேலையில் பாதியைக் கயிற்றிடம் கொடுக்கவேண்டும். மீதிப் பாதியை முன்கூட்டியே காய்ந்த தரையில் முடித்துவிடவேண்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

1. சின்ன வள்ளமாக வாங்குங்கள். தனி ஆளுக்கு 12 முதல் 14 அடி அலுமினிய வள்ளம், 9.9 குதிரைவலு எஞ்சின், அதற்கு மேல் ஆரம்பத்தில் ஆசைப்படவேண்டாம். பாதி மிதக்கும் 14 அடி வள்ளத்தை ஒரு கையால் தள்ளலாம், ஒரு கயிற்றால் நிறுத்தலாம். 18 அடி ஃபைபர் வள்ளத்தில் பக்கக் காற்று பிடித்தால் உங்களை டொக்கின் நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும். "பிறகு பிள்ளைகளும் வருவினம்தானே" என்று பெரிதாக வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு தரம் வந்தார்கள். வள்ளம் இப்போது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது.

2. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். விற்றவர் சொன்னதை நம்பவேண்டாம். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்குக் குறைந்த ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயமில்லை. உங்களுடைய ட்ரெயிலருக்கும் பெரும்பாலும் இருக்காது. அப்படியென்றால் பின்னால் வரும் முழுப் பாரத்தையும் காரின் பிரேக்தான் தாங்கவேண்டும். புளஃபர்ஸ் பூங்கா இறக்குதுறைக்குப் போகும் பிரிம்லி வீதியின் கடைசி இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். மேலேயே கியரைக் குறைத்து ஆறுதலாக இறங்கவேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

3. கொளுவும் குண்டின் அளவைப் பாருங்கள். சின்னக் குண்டு ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடியது, மற்றது 2 அங்குலம். 2 அங்குலத்துக்கான வாயைச் சின்னக் குண்டில் வைத்தாலும் பூட்டிக்கொண்டதுபோலவே இருக்கும். முதற்பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். அளவு குண்டின் உச்சியிலேயே பொறித்திருக்கும். பூட்டிய பிறகு ட்ரெயிலரின் முன்ஜாக்கைச் சுற்றி உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கீழே குறுக்கே போட்டுக் கொளுவுங்கள். தப்பித்தவறிக் கழன்றால் ட்ரெயிலரின் மூக்கு வீதியில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும்.

4. பின்னோக்கி ஓட்டுவதை ஏரிக்கரையில் பழகவேண்டாம். ஞாயிறு காலையில் வெறுமையாகக் கிடக்கும் ஏதாவது கடைத்தொகுதித் தரிப்பிடத்தில், அனுமதி இருந்தால், இரண்டு வெற்று வாளிகளை வைத்துப் பழகுங்கள். சுக்கானின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை இடப்பக்கம் போனால் ட்ரெயிலர் இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். கண்ணாடியைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்னொன்று: குட்டை ட்ரெயிலர்தான் கஷ்டம். நீளமானது ஆறுதலாகத் திரும்பும், திருத்த நேரம் தரும். குட்டையானது கண் மூடித் திறப்பதற்குள் மடங்கிவிடும். மடங்கத் தொடங்கினால் பின்னுக்கே போய்த் திருத்தப் பார்க்கவேண்டாம். முன்னுக்குப் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். எத்தனை தரம் என்று ஒருவரும் புள்ளி போடுவதில்லை.

வள்ளம் இறங்கியதும் வெற்று ட்ரெயிலர் தாழ்ந்து கண்ணாடியில் தெரியாமற் போகும். அதன் இரு பின்மூலைகளிலும் நெஞ்சுயரத்துக்கு வெள்ளை பிவிசி குழாய் ஒவ்வொன்றை நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது வள்ளத்தை நடுவில் ஏற்றவும் அவையே வழிகாட்டும்.

5. கடதாசி வேலை. எஞ்சின் வைத்த வள்ளம் ஓட்ட 2009 முதல் எல்லா வயதினருக்கும் ஓட்டுநர் அட்டை வேண்டும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் வள்ளத்துக்கும் உரிமம் வேண்டும். கடைகளில் 9.9 எஞ்சின் அவ்வளவு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

6. முதல் நாள் மாலையில் காற்றைப் பாருங்கள், மழையை அல்ல. மழை நனைக்கும், அவ்வளவுதான்.

ஒன்ராறியோ ஏரி கிழக்கு மேற்காக 311 கிலோமீற்றர் நீளம். கிழக்குக் காற்று அந்த நீளமெல்லாம் அலையைத் திரட்டிக்கொண்டு நம் பக்கம் வந்து கொட்டும். அதைக் கண்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஆகவே அது அவ்வளவு ஆபத்தில்லை. ஆபத்து வடக்குக் காற்றில். அன்று கரை குளம்மாதிரி அமைதியாக இருக்கும். எஞ்சின் நின்றால்தான் தெரியும், காற்று உங்களை அமெரிக்காப் பக்கம் கொண்டுபோகிறதென்று. தனியாகப் போகிற முதற் பருவத்துக்கு நான் பெரிய ஏரியைச் சொல்லமாட்டேன். பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் குடாவுக்குள் சுற்றுங்கள், அல்லது போர்ட் பெரிக்குப் போய் ஸ்கூகொக் ஏரியில் இறங்குங்கள். ஸ்கூகொக் ஆழம் குறைந்த ஏரி. அணைகட்டித் தேங்கிய தண்ணீர் அது. பாசி எஞ்சினின் காற்றாடியில் சுற்றும், எரிச்சலாக இருக்கும், ஆனாலும் கரை எப்போதும் கிட்டத்தான்.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோ ஏரியில் வற்றுப்பெருக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஜூன் அளவில் நீர்மட்டம் உயரும், மாரியில் இறங்கும். 2017இலும் 2019இலும் ஏறிய தண்ணீர் இறக்குதுறைகளையும் டொக்குகளையும் மூடியது. போன வருடம் பின்ரயர் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் இந்த வருடமும் நிறுத்தினால் போதும் என்று எண்ணவேண்டாம்.

7. இறக்குதுறைக்கு வந்ததும் நேரே சரிவுக்குப் போகாதீர்கள். தரிப்பிடத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு முதலில் வெறுங்கையோடு இறங்கி நடந்து பாருங்கள். காற்று எந்தப் பக்கம், சரிவில் பாசி எங்கே, சீமெந்து எந்த இடத்தில் முடிகிறது, டொக்கின் எந்த முனை காலியாக இருக்கிறது. முன்னுக்குப் போகிறவர் எப்படி இறக்குகிறார் என்றும் பாருங்கள். அவருடைய ட்ரெயிலர் ஒரு இடத்தில் தடாலென்று விழுந்தால் சீமெந்து அங்கே முடிந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை முறுக்கி வள்ளத்தை ட்ரெயிலரில் ஏற்றுகிறவர்களால் வருகிற வினை அது. காற்றாடி அடிக்கிற தண்ணீர் சீமெந்து முடிகிற இடத்தில் கிடங்கு தோண்டிவிடும். ரயர் அதில் விழுந்தால் அச்சே சீமெந்தில் கொளுவிக்கொள்ளும்.

பிறகு அந்த ஓரத்திலேயே கால்மணி நேரம் நின்று எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யுங்கள். பெற்றோல் தாங்கி, நங்கூரம், தூண்டில், சாப்பாடு, துடுப்பு எல்லாம் இப்போதே உள்ளே போகட்டும். பின்பக்கப் பட்டிகளைக் கழற்றுங்கள். எஞ்சின் தூக்கியே இருக்கட்டும். ட்ரெயிலர் விளக்கின் வயரைக் காரிலிருந்து பிடுங்குங்கள். பிரேக் விளக்கு எரிந்தபடி குளிர்ந்த நீருக்குள் போனால் பழைய வகைக் குமிழ் வெடித்துவிடும்.

இந்தக் கால்மணி நேரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சில்லின் குடம் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். அந்தத் தண்ணீர் கிரீஸைக் கெடுக்கும், பெயரிங் துருவேறும். அதன் பலன் அன்றைக்குத் தெரியாது; இரண்டு மாதம் கழித்து 401 நெடுஞ்சாலையில் தெரியும். நீங்கள் பொருள் அடுக்குகிற நேரத்தில் குடமும் ஆறிவிடும்.

இந்த நேரத்தில் வள்ளத்தின் மூக்கை ட்ரெயிலரோடு இழுத்துப் பிடித்திருக்கும் வின்ச் பட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

8. அடித்தக்கை. வள்ளத்தின் அடியில் பின்பக்கத்துத் துளையை மூடும் அந்தச் சின்னத் தக்கையைப் பற்றி எல்லாரும் பகிடி விடுவார்கள். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் அது பகிடி இல்லை: வள்ளத்தை வீதியில் கொண்டுபோகும்போது தக்கையைக் கழற்றி வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பயணத்திலும் அது கழன்றே வரும். ஒவ்வொரு தரமும் நீங்களே திரும்பப் போடவேண்டும். ஞாபகத்தை நம்பவேண்டாம். தக்கையைக் கார்ச் சாவி வளையத்தில் கோர்த்துவிடுங்கள். காரை ஓட்டும்போதெல்லாம் அது முழங்காலில் இடிக்கும், இடிக்கட்டும். வள்ளத்துக்குள் ஒரு மேலதிகத் தக்கை எப்போதும் இருக்கவேண்டும்.

9. கயிறு. இந்தப் பட்டியலில் ஒன்றையே ஞாபகம் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்.

வள்ளத்தின் முன்முனையில், அணியத்து வளையத்தில், இரண்டு கயிறு வேண்டும். ஒன்று குட்டை: அணியத்திலிருந்து எஞ்சின் காற்றாடி வரை எட்டாத நீளம். தண்ணீரில் ஓடும்போது தவறி விழுந்தாலும் அது காற்றாடியில் சுற்றாது. மற்றது இறக்குவதற்கான நீளக் கயிறு, 8 மீற்றர் அளவு, மிதக்கிற வகை, கையை வெட்டாத தடிப்பு. கடையில் விற்கும் மெல்லிய மஞ்சள் கயிறு மிதக்கும்தான். ஆனால் வள்ளம் இழுக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். நீளக் கயிற்றை இறக்கும்போதும் ஏற்றும்போதும் மட்டும் பாவியுங்கள். ஓடத் தொடங்குமுன் கழற்றிச் சுருட்டி உள்ளே போட்டுவிடுங்கள். பின்பக்கத்துக்கும் ஒரு கயிறு கட்டி அதன் நுனியை வள்ளத்துக்குள் டொக் பக்கமாக, கைக்கு எட்ட வையுங்கள். டொக் வரும் பக்கத்தில் இரண்டு காற்று மிதவைகளையும் தொங்கவிடுங்கள்.

நீளக் கயிற்றின் மறுநுனி எங்கே? இதில்தான் தனி ஆள் தப்புவதும் மாட்டுவதும். அந்த நுனி ட்ரெயிலரின் வின்ச் தூணில் கட்டியிருக்கவேண்டும், இல்லையென்றால் உங்கள் கையில் இருக்கவேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. தூணிலிருந்து அவிழ்க்கும்போது முதலில் கையால் பிடித்துக்கொண்டுதான் அவிழ்க்கவேண்டும். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டவேண்டாம், பிடியுங்கள், அவ்வளவுதான்.

டொக்கில் இரு கொம்புள்ள இரும்புப் பிடி இருக்கும். அடியில் ஒரு முழுச் சுற்று, பிறகு கொம்புகளுக்குக் குறுக்கே எட்டு வடிவில் ஒன்று, கடைசிச் சுற்றை மட்டும் புரட்டிப் போட்டு இறுக்குங்கள். வீட்டிலே கதிரைக் காலில் கட்டிப் பழகலாம். கயிற்றுக் கட்டுத் தெரியாதவர்தான் சுற்று மேல் சுற்றாகச் சுற்றி வைப்பார். அவிழ்க்கும்போது பின்னால் வரிசை நிற்கும்.

10. இனிச் சரிவு. கார்க் கதவுக் கண்ணாடிகள் இரண்டையும் இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள், ஆசனப்பட்டியைக் கழற்றுங்கள். இரண்டு வழி இருந்தால் காற்று வள்ளத்தை டொக்கோடு சேர்த்துத் தள்ளும் வழியை எடுங்கள். அப்போது காற்றே அதைப் பிடித்துத் தரும். எதிர்ப்பக்கம் மட்டும்தான் காலியென்றால் காத்திருங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவரை முதலில் போகச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் போவார்.

பின்னோக்கிப் போய் ட்ரெயிலரின் ரயர் நனைகிற இடத்தில் ஒரு தரம் நில்லுங்கள். கால்பிரேக்கை அழுத்தியபடி கியரை நடுநிலைக்கு எடுத்து, கைப்பிரேக்கை முழுதாக இழுத்து, கால்பிரேக்கை மெல்ல விடுங்கள். பாரம் கைப்பிரேக்கில் இறங்கிய பிறகு பார்க்கிங் கியருக்குப் போடுங்கள். இந்த ஒழுங்கு ஏன்? நேரே பார்க்கிங்கில் போட்டால் முழுப் பாரமும் கியர்பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்ன இரும்பு நாக்கில் தொங்கும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும். அந்தச் சில்லுகள்தான் பாசி படிந்த ஈரத்தில் நிற்கின்றன. ஆகவே பிரேக் பிடித்துக்கொண்டே கார் முழுதும் வழுக்கலாம். இறங்கியதும் முன்சில்லுகள் இரண்டுக்கும் பின்னால் கட்டை வையுங்கள். கட்டைக்கு ஒரு கயிறு கட்டிக் கதவில் மாட்டினால் போகும்போது மறக்காது.

இப்போது நீளக் கயிற்றின் நுனி தூணில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வள்ளத்தின் அணியத்தைப் பிடித்திருக்கும் பாதுகாப்புச் சங்கிலியை மட்டும் கழற்றுங்கள். வின்ச் பட்டி இருக்கட்டும். உருளை வைத்த ட்ரெயிலரில் பட்டியை முந்திக் கழற்றினால் வள்ளம் தானாக உருண்டு சீமெந்தில் குத்தும். கம்பளம் சுற்றிய மரப்பலகை வைத்த ட்ரெயிலரில் அது அசையாது, இன்னும் ஆழம் போகவேண்டும். உங்களுடையது எது என்று அறிந்து வையுங்கள்.

கட்டையை எடுத்துவிட்டு மறுபடி ஏறி, வள்ளத்தின் பின்பக்கம் மிதக்கத் தொடங்கும்வரை பின்னுக்குப் போங்கள். பெரும்பாலும் ட்ரெயிலரின் மட்கார்ட் தண்ணீருக்குள் மறையும் ஆழம் போதும். மறுபடி அதே பிரேக் ஒழுங்கு, மறுபடி கட்டை. ட்ரெயிலரின் முன்தண்டில் ஏறி நடக்கவேண்டாம். ஈர இரும்பு வழுக்கும். கரையோரமாகப் போங்கள், முடிந்தால் டொக்கிலிருந்தே எட்டுங்கள். தக்கைத் துளைக்குள்ளால் தண்ணீர் வருகிறதா என்று ஒரு கணம் பாருங்கள். வந்தால் வின்ச் இன்னும் கொளுவித்தான் இருக்கிறது. காரை எடுத்து மேலே போங்கள், நட்டமில்லை. வரவில்லையென்றால் வின்ச் கொளுக்கியைக் கழற்றி, கயிற்றைக் கையில் எடுத்து, அணியத்தை ஒரு தள்ளு. பலமாக வேண்டாம். வள்ளம் போகும், கயிறு நீளும், நீங்கள் டொக்கில் ஏறிக் கயிற்றோடு நடந்து வெளிமுனை வரை போங்கள். அணியத்தைக் கட்டுங்கள், பின்பக்கத்தையும் கட்டுங்கள். ஒற்றைக் கயிற்றில் விட்ட வள்ளம் நீங்கள் வாகனம் நிறுத்திவிட்டு வருவதற்குள் சுழன்று அடுத்தவருடைய வள்ளத்தில் இடித்துக்கொண்டு நிற்கும்.

கட்டையை எடுங்கள், காரை எடுங்கள், தரிப்பிடத்துக்குப் போங்கள்.

11. எஞ்சினை முதல் நாள் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் ரப்பர்க் கிண்ணத்தைப் பொருத்தித் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும். எஞ்சினின் பக்கத்தில் தண்ணீர் கோடாகப் பீச்சவேண்டும். டொக்கிலும் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். இரண்டு நிமிடம் கட்டியபடியே ஓடவிடுங்கள். அவிழ்த்த பிறகு எஞ்சின் நிற்பதும், கட்டியிருக்கும்போது நிற்பதும் இரண்டு வேறு நாள்கள்.

12. சனிக்கிழமை காலையில் பின்னால் பெரிய பிக்கப் வாகனங்கள் நிற்கும், எஞ்சின் உறுமும். பார்க்கிறார்கள் என்று அவசரப்படாதீர்கள். அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் குறுக்கே மடக்கியவர்கள்தான். ஆயத்தத்தை மேலேயே முடித்துவிட்டு வந்திருந்தால் சரிவில் உங்களுக்கு ஐந்து நிமிடம்கூடச் செல்லாது. அதற்குமேல் ஒருவருக்கும் கடமைப்படவில்லை. புதிதாகப் பழகுகிறவர் செவ்வாய், புதன் போன்ற நாள்களில் போனால் இந்தத் தலையிடியே இல்லை.

யாராவது வந்து உதவட்டுமா என்று கேட்பார்கள். இந்த நாட்டில் இறக்குதுறையில் அந்த நல்ல பழக்கம் இருக்கிறது. வாங்குங்கள், வெட்கப்படவேண்டாம். ஆனால் வேலையை நீங்களே சொல்லிக் கொடுங்கள்: "இந்தக் கயிற்றைப் பிடியுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்." சொல்லாமல் விட்டால் அவர் நல்லெண்ணத்தில் வின்ச்சைக் கழற்றிவிடுவார்.

13. உயிர்காப்பு உடுப்பைத் தரிப்பிடத்திலேயே போடுங்கள், தண்ணீரில் அல்ல. கனடாச் சட்டப்படி அது வள்ளத்தில் ஆளுக்கொன்று இருந்தால் போதும். ஒன்ராறியோ ஏரியின் தெற்குக் கரையில், நியூயோர்க் மாநிலத்தில், நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த வள்ளத்தில் இருக்கிறவர் அதைப் போட்டே இருக்கவேண்டும். தண்ணீர் ஒன்றுதான், சட்டம்தான் இரண்டு. இதில் நான் அந்தக் கரையின் பக்கம்.

மனிட்டோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர்நீரைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 என்று ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பனிநீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். மிதக்க வைக்க ஒன்றும் உடம்பில் இல்லாதவருக்கு அந்த 1 மணி நேரம் கிடையாது. அவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீர் குடித்துவிடுவார். நீந்தத் தெரிந்தவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார். பாக்குநீரிணைத் தண்ணீரில் நீந்திப் பழகிய உடம்பு மே மாதத்து ஒன்ராறியோ ஏரியை அறியாது. ஜூலையிலும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அடியிலிருக்கும் குளிர்நீர் ஒரே நாளில் கரைக்கு ஏறிவிடும். நேற்றுப் பிள்ளைகள் குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாது.

வள்ளம் கயிறு தவறி மிதந்து போனால் பின்னால் பாயாதீர்கள். போகட்டும். யாராவது கொண்டுவந்து தருவார்கள், இல்லையென்றால் காற்று எங்காவது கரையில் ஒதுக்கும்.

14. எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றைக் கையிலோ உடுப்பிலோ கொளுவாமல் ஓடவேண்டாம். தனியே போகிறவர் விழுந்தால் வள்ளத்தை நிறுத்த வேறு ஆள் இல்லை. சுக்கான் விட்ட எஞ்சின் பக்கமாகத் திரும்பி, வள்ளம் வட்டமடித்து விழுந்தவரிடமே வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த வள்ளங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். திரும்பி ஏறவும் வழி வேண்டும். வள்ளத்தின் விளிம்பு தண்ணீரிலிருந்து அரை மீற்றருக்கு மேல் உயர்ந்தால் ஏறுவதற்கு ஒரு சாதனம் இருக்கவேண்டும் என்கிறது கனடாச் சட்டம். உயராவிட்டாலும் பின்பக்கத்தில் கால் வைக்கிற அளவுக்கு ஒரு கயிற்று வளையம் தொங்கவிடுங்கள். ஒரு வெயில் நாளில், கரையோரத்தில், உடுப்போடு தண்ணீரில் இறங்கி ஏறிப் பாருங்கள்.

15. எந்தத் துறை, எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி எவ்வளவு பொறுக்கவேண்டும், பிறகு யாரைக் கூப்பிடவேண்டும் என்றும் எழுதுங்கள். ஒன்ராறியோ ஏரியின் தேடுதல் வேலையை ட்ரென்ரனில் இருக்கும் கூட்டு மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் நடத்துகிறது. அவர்கள் முதலில் கேட்பது எங்கே தேட என்பதைத்தான். போன் நீர்புகாப் பையில் உங்கள் உடம்பில் இருக்கட்டும், வள்ளத்தில் அல்ல.

16. ஏற்றுவது இறக்குவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் களைத்திருப்பீர்கள், பின்னேரக் காற்றும் எழும்பியிருக்கும். டொக்கின் வெளிமுனையில் கட்டிவிட்டுப் போய் ட்ரெயிலரைக் கொண்டுவாருங்கள். மட்கார்ட்டின் உச்சி தண்ணீருக்கு மேல் சற்றுத் தெரியும் ஆழத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் வள்ளம் பலகையில் அமராமல் மிதந்து ஒரு பக்கம் சாயும். மேலே இழுக்கும்போதுதான் கோணலாக இருப்பது தெரியும். எஞ்சினைத் தூக்கிவிட்டு, நீளக் கயிற்றால் கைப்பிடியாக இழுத்து வெள்ளைக் குழாய்கள் இரண்டுக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். வின்ச் கொளுக்கி, பிறகு அணியத்துப் பாதுகாப்புச் சங்கிலி, அதற்குப் பிறகுதான் கயிற்றைக் கைவிடலாம். வின்ச் சுற்றும்போது பட்டிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கவேண்டாம். வரிக்குதிரை மட்டி ஓடு காலை அறுக்கும்.

17. அந்த மட்டி இந்த ஏரிகளுக்குக் கப்பல்களின் நிறைநீரோடு வந்து 1988இல் சென் கிளயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. குஞ்சுப் பருவத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், அடுத்த ஏரிக்குப் போய்ச் சேர. ஆகவே தரிப்பிடத்தில் தக்கையைக் கழற்றி முழுத் தண்ணீரையும் வடியுங்கள், ட்ரெயிலரிலும் காற்றாடியிலும் தொங்கும் பாசியைக் கையால் பிடுங்குங்கள். மிஞ்சிய இரைத் தண்ணீரை ஏரியிலோ அதற்கு 30 மீற்றருக்குள்ளோ ஊற்றுவது குற்றம். வீட்டில் 50 பாகைக்கு மேற்பட்ட சுடுதண்ணீரால் கழுவுங்கள், அல்லது வெயிலில் பல நாள் காயவிடுங்கள்.

பட்டிகள், விளக்கு வயர், தூக்கிய எஞ்சின் என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முதலில் நிறுத்துகிற இடத்தில் சில்லுக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பெயரிங் போகிறது, அந்த வாரமே மாற்றவேண்டும்.

18. பருவம் முடிந்ததும் எஞ்சினின் அடிப்பெட்டி எண்ணெயை மாற்றுங்கள், வசந்தத்துக்குத் தள்ளிப் போடவேண்டாம். வடிகிற எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே விட்டால் ஜனவரியில் அது உறைந்து பெட்டியை வெடிக்க வைக்கும். இப்போதே பார்த்தால் சீல் மாற்றுகிற செலவோடு முடிகிற காரியம் அது. வெளுக்கவில்லையென்றால் புது எண்ணெயைக் கீழ்த்துளையால், மேல்துளையில் வழியும்வரை ஏற்றிவிட்டு, எஞ்சினை நிமிர்த்தி வையுங்கள்.